பல்லைப் பிடுங்கியது யார்? ஆங்கிலப் பிறவினையைப் பயில்வோருக்கு ஒரு வழிகாட்டி

வகுப்புக்கு ஒருநாள் வராதிருந்த மாணவர் ஒருவர், மறுநாள் கன்னத்தைப் பொத்தியபடி வந்து, "ஐ புல்ட் அவுட் அ டூத், சேர்" என்றார். "பல்லுப் பிடுங்கினனான்" என்று தமிழில் நினைத்ததை அவர் சொல்லுக்குச் சொல் ஆங்கிலத்தில் வைத்திருந்தார். திருகோணமலையில் யாரிடம் அதைத் தமிழில் சொன்னாலும், பல் வைத்தியரிடம் போய்வந்திருக்கிறார் என்றுதான் விளங்கிக்கொள்வார்கள். ஆங்கிலம் கேட்டுப் பழகிய காதுக்கோ, அவர் குறடு ஒன்றை எடுத்துக்கொண்டு கண்ணாடி முன் நின்று தன் பல்லைத் தானே பிடுங்கியதாகவே அது படும். அவர் சொல்லியிருக்க வேண்டியது, "ஐ ஹேட் அ டூத் புல்ட் அவுட்" என்பதாகும். சொற்கள் ஏறத்தாழ அவையேதாம். ஹேட் என்ற ஒன்று கூடியிருக்கிறது, வினை பெயருக்குப் பின்னால் நகர்ந்திருக்கிறது.

ஆங்கில வாக்கியங்களை இங்கே தமிழ் எழுத்திலேயே தருகிறேன். முதலில் வாய்விட்டுப் படியுங்கள். பிறகு கொப்பியில் ஆங்கில எழுத்தில் நீங்களே எழுதிப் பாருங்கள். பிறவினையில், அதாவது ஒரு வேலையைப் பிறரைக்கொண்டு செய்விப்பதைச் சொல்லும் வினையில், வரும் பிழைகளிற் பெரும்பாலானவை சொல்லின் ஒழுங்கில் வருபவை என்பதால், காது பழகினால் கையும் பழகிவிடும்.

முதற்படி: கை யாருடையது என்று கேளுங்கள்

வாக்கியத்தை ஆங்கிலமாக்கும் முன், அந்த வேலையைச் செய்த கை யாருடையது என்று கேட்க வேண்டும். தமிழ் இதைக் கட்டாயமாகக் கேட்பதில்லை. "தலைமயிர் வெட்டினேன்", "கண் ஒப்பரேஷன் செய்தேன்", "உவர்மலையில் வீடு கட்டினேன்" என்று நாம் சொல்லும்போது சலூன்காரரும் வைத்தியரும் மேசனும் வாக்கியத்தில் இல்லை. கேட்பவர் அவர்களைத் தாமாகவே நிரப்பிக்கொள்கிறார். ஆங்கிலத்தில், குறிப்பாக உடலிலும் உடைமையிலும் பிறர் செய்யும் வேலைகளில், செய்வித்தவரை எழுவாயாக்கி வெறும் வினையை வைத்தால் அவரே கையால் செய்தார் என்ற பொருள் வந்துவிடுகிறது.

இதைத் தமிழின் குறை என்று எண்ணிவிடக் கூடாது. நம்முடைய இலக்கணம் தன்வினை, பிறவினை என்று இந்த வேறுபாட்டைத் தெளிவாகவே பிரித்து வைத்திருக்கிறது. வி, பி என்னும் விகுதிகள் செய் என்பதைச் செய்வி என்றும், நட என்பதை நடப்பி என்றும் ஆக்குகின்றன. நம் வீடுகளில் வயதானவர்களின் பேச்சைச் சற்றுக் கவனியுங்கள்: "சட்டை தைப்பிச்சனான்", "கூரையைத் திருத்துவிச்சனான்" என்று அவர்கள் மிக இயல்பாகச் சொல்வார்கள். அந்த "தைப்பிச்சனான்" என்பதற்குள் இருக்கும் -பிச்ச- என்ற துண்டுதான் ஆங்கிலத்தில் ஹேட் என்று தனிச்சொல்லாக வெளியே நிற்கிறது. ஆகவே ஐயம் வரும்போதெல்லாம் உங்கள் வாக்கியத்தை அம்மம்மா எப்படிச் சொல்வார் என்று நினைத்துப் பாருங்கள். அவர் வாயில் "-விச்ச", "-பிச்ச" வருமானால், ஆங்கிலத்துக்குப் பிறவினை அமைப்பு வேண்டும்.

இரண்டாம் படி: பொருளை முன்னே வைத்து வினையைப் பின்னே தள்ளுங்கள்

செய்தவர் யார் என்பது முக்கியமில்லாமல், எது செய்யப்பட்டது என்பது மட்டும் முக்கியமானால், அமைப்பு இதுதான்: ஹேவ், அதன்பின் பொருள், அதன்பின் வினையின் மூன்றாம் வடிவம். வகுப்புகளில் இந்த மூன்றாம் வடிவத்தை வி-த்ரீ என்று சொல்லிப் பழகியிருப்பீர்கள். "ஐ ஹேட் மை ஹெயார் கட்." "ஷீ ஹேட் ஹர் சாரி பிளவுஸ் ஸ்டிச்ட்." சலூன்காரரையோ தையற்காரரையோ குறிப்பிட வேண்டிய தேவை பெரும்பாலும் இராது, ஹேட் என்பதே வேறொரு கை இருக்கிறது என்று சொல்லிவிடுகிறது.

பொருளின் இடத்தில் மிகுந்த கவனம் வேண்டும், ஏனெனில் அது ஓரிடம் தள்ளி நின்றாலும் கருத்து முழுதும் மாறிவிடும். வள்ளத்தின் எஞ்சின் பழுதான ஒரு மீனவரை எடுத்துக்கொள்ளுங்கள். "ஹீ ஹேட் த எஞ்சின் ரிப்பெயார்ட்" என்றால், அவர் எஞ்சினைக் கழற்றிக் கராஜுக்குக் கொண்டுபோய்ப் பாஸிடம் (மெக்கானிக்கிடம்) கொடுத்துத் திருத்துவித்தார். "ஹீ ஹேட் ரிப்பெயார்ட் த எஞ்சின்" என்றால், வேறேதோ நடப்பதற்கு முன்பே அவர் தம் கையால் திருத்தி முடித்திருந்தார். முன்னையது பிறவினை, பின்னையது இறந்தகாலத்துக்கும் முந்தியதைச் சொல்லும் காலவடிவம். இரண்டிலும் உள்ள சொற்கள் அதே ஐந்துதாம். பரீட்சைத் தாளில் இந்த இரண்டையும் மாற்றி எழுதிவிட்டு, "எல்லாச் சொல்லும் சரியாகத்தானே இருக்கிறது" என்று கேட்கும் மாணவரை ஆண்டுதோறும் பார்க்கிறேன்.

இதே அமைப்பில் ஹேவ் இருக்கும் இடத்தில் கெட் என்பதையும் வைக்கலாம். "ஐ கொட் மை ஹெயார் கட்" என்பது பேச்சுக்கு நெருக்கமானது. விண்ணப்பக் கடிதத்திலும் அலுவலக மடலிலும் ஹேவ் பொருத்தமாக இருக்கும். ஒரு சிறு எச்சரிக்கை: "ஐ கொட் த வேர்க் ஃபினிஷ்ட்" என்றால் நானே ஒருவாறு முடித்தேன் என்றும் பொருள்படலாம். வேறொருவர் கை என்பதை ஐயமின்றிச் சொல்ல வேண்டுமானால் புதியவர்கள் ஹேவ் என்பதையே பிடித்துக்கொள்வது நல்லது.

காலத்தை மாற்றும்போது ஹேவ், கெட் மட்டுமே மாறும். மூன்றாம் வடிவம் இருந்த இடத்தில் அசையாமல் இருக்கும். "ஐ வில் ஹேவ் மை பைக் வொஷ்ட்", "ஐ ஏம் ஹேவிங் மை ஹவுஸ் பெயின்டட்", "ஐ ஹேவ் ஹேட் மை ஐஸ் டெஸ்டட்" என்று சொல்லிப் பாருங்கள். கடைசி வாக்கியத்தில் ஹேவ் ஹேட் என்று அடுத்தடுத்து வருவது பலருக்கு உறுத்தும், சிலர் ஒன்றை அடித்தும் விடுவார்கள். அடிக்க வேண்டாம். முதலாவது காலத்தைக் காட்டுகிறது, இரண்டாவது செய்விப்பைக் காட்டுகிறது. இறந்தகாலத்தில் கேள்வியும் எதிர்மறையும் டிட் கொண்டே வரும்: "டிட் யு ஹேவ் யுவர் ஹெயார் கட்?", "ஐ டிடின்ட் ஹேவ் இட் கட்."

நாம் விரும்பிச் செய்விக்காமல் நமக்கு நேர்ந்துவிட்ட இழப்பையும் இதே அமைப்பு சொல்லும் என்பது பலரைத் திகைக்க வைக்கும். பேருந்து நிலையத்து நெரிசலில் கைபேசி களவுபோனால், "ஐ ஹேட் மை ஃபோன் ஸ்டோலன்" என்பார்கள். ஆள் வைத்துத் திருடுவித்தார் என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. தமிழில் "கைபேசியைப் பறிகொடுத்தேன்" என்கிறோமே, அங்கேயும் கொடுத்தவர் விரும்பியா கொடுத்தார்?

இந்தப் படியை நன்றாகப் பழகுவதற்கு நம் ஊர் வரலாறே பயிற்சிப் புத்தகம். கந்தளாய்க் குளத்தையும் கோணேசர் கோயிலையும் குளக்கோட்டனோடு சேர்த்துச் சொல்வது இங்குள்ள மரபு. அரசன் மண் சுமக்கவில்லை, கட்டுவித்தான். ஆகவே "குளக்கோட்டன் ஹேட் த டேங்க் பில்ட்." 1620களில் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்டன்டீனோ டி சா கோயிலை இடித்துக் கோட்டை கட்டினான் என்று நாம் தமிழில் சொல்கிறோம். கடப்பாரை பிடித்த கை அவனுடையதன்று. "டி சா ஹேட் த டெம்பிள் புல்ட் டவுன் அண்ட் ஹேட் அ ஃபோர்ட் பில்ட்." வரலாற்று நூல்களின் ஆங்கிலம் அரசனே கட்டினான் என்றும் எழுதும், பெருஞ்செயல்களில் அந்த வழக்கு உண்டு, யாரும் தவறாக விளங்குவதில்லை. ஆனால் உங்கள் பல்லுக்கும் தலைமயிருக்கும் அந்தச் சலுகை கிடையாது.

மூன்றாம் படி: ஆளைச் சொல்ல வேண்டுமானால் வினைச்சொல்லைத் தெரிந்தெடுங்கள்

யாரைக்கொண்டு செய்வித்தோம் என்று சொல்ல வேண்டிய இடத்தில் வினைக்குமுன் ஆள் வருவார். இங்கேதான் தமிழ்ப் பேச்சாளர் எல்லோரும் ஒரே குழியில் விழுகிறோம். "போக வைத்தார்", "போக விட்டார்", "போகச் சொன்னார்" என்று தமிழில் எல்லாவற்றுக்கும் செய என்னும் வாய்பாட்டு எச்சம் ஒன்றே போதும். அந்தப் "போக" என்பதை டு கோ என்று படித்துவிட்டோம். எனவே "ஹீ மேட் மீ டு கோ" என்றும், "ஹீ லெட் மீ டு கோ" என்றும் எழுதுகிறோம். இரண்டும் பிழை. ஆங்கிலம் சில வினைகளுக்குப் பின் டு கேட்கும், சிலவற்றுக்குப் பின் அதை விலக்கும்.

மேக், லெட், ஹேவ் ஆகிய மூன்றும் டு ஏற்காதவை. "த டீச்சர் மேட் அஸ் ரைட் இட் அகெய்ன்." "மை ஃபாதர் லெட் மீ கோ டு பிஜன் ஐலண்ட்." "த மனேஜர் ஹேட் அஸ் க்ளீன் த பூல்." ரைட், கோ, க்ளீன் என்று வினை மொட்டையாகவே நிற்கிறது, நடந்து முடிந்த செயலாக இருந்தாலும் அது ரோட் என்றோ வென்ட் என்றோ மாறாது. கெட் மட்டும் டு கேட்கும்: "ஐ கொட் மை பிரதர் டு டிரைவ் மீ டு நிலாவெளி." ஹெல்ப் என்பதற்கு டு வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி.

எது டு ஏற்கும் என்பதை மனனம் செய்யலாம். எந்த வினையை எந்த இடத்தில் சொல்வது என்பதை அப்படிச் செய்ய முடியாது. அதைச் சொந்தச் செலவில்தான் நான் கற்றேன். இளம் வயதில் உப்புவெளியில் ஒரு விடுதியின் வரவேற்பு மேசையில் சில மாதங்கள் வேலை செய்தேன். கோணேசர் கோயிலுக்குப் புறப்பட்ட வெளிநாட்டுத் தம்பதியிடம், அவர்கள் திரும்பும்வரை ஓட்டோக்காரரை நிற்க வைக்கிறேன் என்ற நினைப்பில், "ஐ வில் மேக் த டிரைவர் வெயிட் ஃபோர் யு" என்றேன். இலக்கணம் சரிதான். அந்தப் பெண்மணி முகம் மாறி, அவரை வற்புறுத்த வேண்டாம், நாங்கள் நடந்தே வருகிறோம் என்றார். மேக் என்பதில் கட்டாயம் இருக்கிறது. விரும்பாதவரை அதிகாரத்தாலோ அச்சத்தாலோ செய்விப்பது அது. ஆசிரியர் மாணவரையும், தாய் மருந்து குடிக்க மறுக்கும் பிள்ளையையும் மேக் செய்யலாம். நம் தமிழ் "வைத்தல்" அவ்வளவு கடுமையானதன்று. அன்பாகச் சாப்பிட வைப்பதும், சிரிக்க வைப்பதும் அதிற்குள் அடங்கும். சிரிப்பு, அழுகை, கோபம் போன்ற தானாக எழும் உணர்வுகளில் மட்டும் ஆங்கில மேக்கும் மென்மையாகிவிடுகிறது: "ஹீ மேட் மீ லாஃப்" என்பதில் வற்புறுத்தல் இல்லை.

அன்று நான் சொல்லியிருக்க வேண்டியது, "ஐ வில் ஹேவ் த டிரைவர் வெயிட்" என்றோ, "ஐ வில் ஆஸ்க் த டிரைவர் டு வெயிட்" என்றோ ஆகும். ஹேவ் என்பது ஒழுங்கு செய்வதைக் குறிக்கும். சொல்ல உரிமையுள்ளவர் சொல்கிறார், அது தன் வேலை என்பதால் மற்றவர் செய்கிறார். வற்புறுத்தலும் கெஞ்சலும் அங்கே இல்லை. எனவே உங்கள் மேலதிகாரியைக் குறித்து ஆள் எழுவாயாக ஹேவ் பயன்படுத்தினால் சற்று மிடுக்காகவே கேட்கும். கெட் என்பதில் ஏதோ ஒரு முயற்சி ஒளிந்திருக்கும்: கேட்டுப் பார்த்து, கெஞ்சி, சில வேளை தேநீர் வாங்கிக் கொடுத்துச் சம்மதிக்கச் செய்தது. முன் சொன்ன நிலாவெளி வாக்கியத்தில் அண்ணன் உடனே எழுந்து வரவில்லை என்று நான் விளங்கிக்கொள்வேன். ஆளை வைத்துச் சொல்லும் ஹேவ் அமெரிக்கரிடம் மிகுதி. பிரித்தானியர் அந்த இடத்தில் கெட் அல்லது ஆஸ்க் என்று சொல்வதையே கூடுதலாகக் கேட்கலாம். நம் பாடசாலை ஆங்கிலம் பிரித்தானிய வழியில் வந்ததாகையால் உங்களுக்கும் அவை இசைவாக இருக்கும்.

லெட் என்பது தடுக்காமல் விடுதல். பிரெடரிக் கோட்டைக்குள் கோயில் வழியில் திரியும் மான்களை நினைத்துக்கொள்ளுங்கள்: "டோன்ட் லெட் த டியர் ஈட் பிளாஸ்டிக்." தமிழில் விடு என்ற ஒன்றே லெட் என்பதற்கும் லீவ் என்பதற்கும் பொருந்துவதால், "ஹீ லெஃப்ட் மீ கோ" என்று எழுதுவோர் உண்டு. பையை வீட்டில் விட்டுவருவது லீவ். பிள்ளையைக் கடலில் குளிக்க விடுவது லெட். லெட் இறந்தகாலத்திலும் லெட்தான், லெட்டட் என்று ஒரு சொல் இல்லை.

நான்காம் படி: செயப்பாட்டுவினையில் டு திரும்பி வரும்

மேக் என்பதற்குப் பின் டு வராது என்று இவ்வளவு நேரம் சொன்ன நானே, இப்போது அதைத் திரும்பக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. ஆசிரியரை எடுத்துவிட்டு மாணவரை எழுவாயாக்கினால், "வி வேர் மேட் டு ரைட் இட் அகெய்ன்" என்று டு சேர்ந்தே தீர வேண்டும். லெட் என்பதை இப்படித் திருப்புவதில்லை. "ஐ வொஸ் அலவ்ட் டு கோ" என்று வேறு வினைக்குப் போய்விட வேண்டும். ஆளை முன்வைத்த ஹேவ், கெட் இரண்டும் இந்தத் திருப்பத்துக்கு வருவதேயில்லை, அவற்றை விட்டுவிடலாம்.

டு கேட்கும் மற்றைய வினைகள் தொல்லை தராதவை. அலவ், ஃபோர்ஸ், பர்சுவேட், ஆஸ்க், டெல், எனேபிள் எல்லாவற்றிலும் ஆளுக்குப் பின் டு வரும், தமிழ் மனமும் அதையே எதிர்பார்க்கும். காரணமாதலைச் சொல்லும் கோஸ் என்பதும் டு கேட்பதே, ஆனால் அது பேச்சில் அரிதாகவும், எழுத்தில் பெரும்பாலும் தீய விளைவோடும் வரும்: "ஹெவி ரெயின் கோஸ்ட் த மகாவலி டு ஓவர்ஃப்ளோ." சுகவீனத்தைச் சொல்லும் இடத்தில் அது இயல்பு, நண்பர் விருந்துக்கு அழைத்ததைச் சொல்லும் இடத்தில் வைத்தால் காவல்துறை அறிக்கை போல ஒலிக்கும்.

ஐந்தாம் படி: சொல்லுக்குள்ளேயே இருக்கும் பிறவினை

ஹேவ், மேக் எதுவும் இல்லாமலே பிறவினையாகிவிட்ட சொற்கள் ஆங்கிலத்தில் உண்டு. ஓடு ஓட்டு என்றும், உருள் உருட்டு என்றும் நாம் சொல்லை உள்ளிருந்தே மாற்றுவதுபோல, பழைய ஆங்கிலமும் அதன் உறவுமொழிகளும் உயிரொலியை மாற்றிப் பிறவினை ஆக்கின. அவற்றில் சில இன்னும் எஞ்சியிருக்கின்றன, அவை நம் சொற்களோடு பொருந்தி நிற்கும் அழகைப் பாருங்கள். எழு என்பது ரைஸ், எழுப்பு என்பது ரெய்ஸ். விழு என்பது ஃபோல், வீழ்த்து என்பது ஃபெல். இரு என்பது சிட், இருத்து என்பது செட். கிட என்பது லை, கிடத்து என்பது லே. சூரியன் கடலிலிருந்து எழும்போது "த சன் ரைசஸ்", கடற்படையினர் கொடியை எழுப்பும்போது "தே ரெய்ஸ் த ஃப்ளாக்." ரைஸ் என்பதற்குப் பின் 'எதை' என்ற கேள்விக்கு விடை வராது, ரெய்ஸ் என்பதற்குக் கட்டாயம் வரும். மரத்தை வெட்டி வீழ்த்தினால் "தே ஃபெல்ட் த ட்ரீ", அது தானாக விழுந்தால் "த ட்ரீ ஃபெல்."

இந்த நான்கில் மிகப் பொல்லாதது லை–லே. கரையில் வலை கிடந்தால் "த நெட் லைஸ் ஒன் த சேண்ட்"; மீனவர் வலையைப் பரப்பி வைத்தால் "தே லே த நெட் ஒன் த சேண்ட்." இதுவரை சிக்கலில்லை. ஆனால் லை என்பதன் இறந்தகாலம் லே. நேற்று வலை கிடந்தது என்பதற்கு "த நெட் லே ஒன் த சேண்ட்" என்றும், நேற்று அவர்கள் கிடத்தினார்கள் என்பதற்கு "தே லெய்ட் த நெட்" என்றும் வரும். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே இதில் அடிக்கடி தடுக்கி விழுவதால் உங்களுக்கு வெட்கம் வேண்டியதில்லை. நான் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் கிட, கிடந்தது, கிடத்து, கிடத்தினர் என்று எழுதி, எதிரே ஆங்கிலத்தை எழுதி வைத்திருந்தேன்.

பெயரடையோடு "-என்" என்ற ஆங்கில விகுதியைச் சேர்த்தும் பிறவினை வரும்: ஷார்ட் என்பது குறுகிய, ஷார்ட்டன் என்பது குறுக்கு. அதையும் இரண்டாம் படியோடு பொருத்தினால், நீளக் காற்சட்டையைத் தையற்கடையில் கொடுத்ததை "ஐ ஹேட் மை டிரவுசர்ஸ் ஷார்ட்டன்ட்" என்று ஒரே வீச்சில் சொல்லிவிடலாம்.

ஆறாம் படி: ஒரு நாள் வெளிவேலையை எழுதிப் பாருங்கள்

வெற்றிட வாக்கியங்களை நிரப்புவதைவிட, நகரத்துக்குப் போய்வந்த ஒருநாளை எழுதுவது கூடிய பயன் தரும். மாதிரிக்கு என் மாணவி ஒருவர் எழுதிய பத்தியை எடுத்துக்கொள்கிறேன். அவர் எழுதியவாறே: "ஐ வென்ட் டு டவுன். ஐ டுக் மை பாஸ்போர்ட் ஃபோட்டோ. ஐ டெஸ்டட் மை ஐஸ். மை மதர் மேட் மீ டு பை ஃபிஷ். ஐ மேட் த ஃபிஷ்மன் டு கட் இட். ஐ ஹேட் கட் இட் இன் ஸ்மோல் பீசஸ்."

ஒவ்வொரு வாக்கியத்திலும் கையைத் தேடுங்கள். ஸ்டூடியோவில் படம் பிடித்தவர் வேறொருவர், ஆகவே "ஐ ஹேட் மை பாஸ்போர்ட் ஃபோட்டோ டேக்கன்." கண்ணைச் சோதித்தவரும் வேறொருவர்: "ஐ ஹேட் மை ஐஸ் டெஸ்டட்." அம்மாவின் கட்டளையில் மேக் பொருந்தும், டு மட்டும் போக வேண்டும்: "மை மதர் மேட் மீ பை ஃபிஷ்." மீன் விற்பவரை நாம் வற்புறுத்துவதில்லை, கேட்டுச் செய்விக்கிறோம், எனவே "ஐ கொட் த ஃபிஷ்மங்கர் டு கட் இட்" என்று வினையும் மாறி, டு தன் இடத்தில் நிற்கும். ஃபிஷ்மன் என்பது மீன் விற்பவருக்குரிய சொல்லன்று என்பதையும் இந்தச் சாக்கில் குறித்துக்கொள்ளலாம். கடைசி வாக்கியத்தில் அவர் ஹேட் வைத்தது சரி, பொருளை வைத்த இடம் தவறு: "ஐ ஹேட் இட் கட் இன்டு ஸ்மோல் பீசஸ்." இட் என்ற சிற்றெழுத்துச் சொல் ஓரடி முன்னே வந்ததும், பாரை மீனை வெட்டிய கத்தி அவர் கையிலிருந்து கடைக்காரர் கைக்குப் போய்விட்டது.